தக்காளி பூக்கிறது, காய்க்கவில்லை: குளிர்ப் பகுதித் தோட்டத்துக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: எங்கள் பகுதியில் கோடையே மூன்றரை மாதம்தான். பகலில் 20 டிகிரி இருக்கும், இரவில் 9, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். தக்காளி ஆள் உயரம் வளர்ந்து நன்றாகப் பூக்கிறது. ஆனால் பூவெல்லாம் உதிர்கிறது. பிடிக்கிற நாலைந்து காயும் பழுப்பதற்குள் உறைபனி வந்துவிடுகிறது. கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் நட்டது நட்டபடியே நிற்கின்றன. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஆள் உயரம் வளர்ந்தும் காய்க்காத செடிக்கு மேலும் தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுத்தால் மேலும் இலைதான் வரும். நீங்கள் எழுதியதில் விஷயம் இருப்பது அந்த 9, 10 டிகிரியில்.

உதிரப்போகிற ஒரு பூவின் காம்பைக் கிட்டத்தில் பாருங்கள். காம்பின் நடுவில் சின்ன முட்டி ஒன்று இருக்கும். கருவுற்ற பூவில் அது பச்சையாகத் தடிக்கும். கருவுறாத பூவில் மஞ்சளாகி, சரியாக அந்த இடத்தில் ஒடிந்து விழும். தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிற செடி. ஆனால் இரவு வெப்பம் தொடர்ந்து 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் இது மாறாது. ஆகவே உங்கள் வேலை இரண்டு: மண்ணைச் சூடாக்குவது, இரவில் செடியைக் காப்பது.

முதலில் ரகம். விதைப் பையில் '60 நாள்', '80 நாள்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணுவது, விதைத்த நாளிலிருந்து அல்ல. பலருக்கும் கணக்கு தப்புவது இங்கேதான். 60 நாளையொட்டிக் காய்க்கும் குட்டை ரகம் அல்லது சிறுபழ ரகம்தான் உங்களுக்குச் சரி. கைப்பிடி கொள்ளாத பெரிய பழ ரகங்களை விட்டுவிடுங்கள். கிளேசியர் என்ற ரகம் நல்ல தேர்வு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சைலெட்ஸ், ஆரிகன் ஸ்பிரிங், லெஜண்ட் ஆகியவற்றுக்கு இன்னொரு குணம் உண்டு: மகரந்தம் சேராவிட்டாலும் காய் பிடிக்கும். முதல் பழங்களில் விதை குறைவாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. உங்கள் இரவுகளுக்கு இவைதான் என் முதல் பரிந்துரை.

விதையை வீட்டுக்குள், 21 முதல் 27 டிகிரி வெதுவெதுப்பில் முளைக்க வையுங்கள். கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பு தக்காளி. கத்தரியும் மிளகாயும் மெதுவாக வளர்பவை, 8 முதல் 10 வாரம் முன்பே தொடங்க வேண்டும். அப்புறம் நாற்றை ஒரு வாரம் பத்து நாள் வெளியே பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் போதும், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகலாம்.

இனி நடவு. அவசரப்படாதீர்கள் என்று இதை மட்டும் அழுத்திச் சொல்வேன். காலையில் மண்ணுக்குள் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்து 15 டிகிரி காட்டினால் தக்காளி நடலாம். கத்தரி, மிளகாய்க்கு 18 டிகிரியாவது வேண்டும். குளிர்ந்த மண்ணில் நட்ட செடி சாகாமல் நிற்கும், அவ்வளவுதான். வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாமல் இலையின் அடிப்பக்கமும் நரம்பும் ஊதா நிறமாகும். அதைப் பார்த்துப் பலர் உரம் போடுகிறார்கள். மண் சூடேறினால் அது தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாமதமாக, வெதுவெதுப்பான மண்ணில் நட்ட நாற்று, முந்தி நட்டதை முந்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மண்ணைச் சூடாக்க, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பாத்தியின் மேல் கருப்பு பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டும்படி விரித்துவிடுங்கள். வைக்கோல் மூடாக்கை இப்போது போட வேண்டாம், அது மண்ணைக் குளிராகவே வைத்திருக்கும். நாற்று நீண்டு மெலிந்திருந்தால் ஆழக் குழி தோண்டாதீர்கள், கீழே மண் இன்னும் குளிர்ச்சி. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டை ஆழமில்லாத பள்ளத்தில் படுக்க வைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு மூடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும்.

இடம், வெயில் விழுகிற சுவரோரம். கல்லும் செங்கலும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். செடியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை நிறுத்தி வைத்தாலும் இதே பலன்தான். வளைவுக் கம்பிகளின் மேல் பாலித்தீன் போட்டுச் சின்னக் குடில் அமைத்தால் மாலை வெயில் இறங்கும் முன்பே மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் உள்ளே அடைபடுவது குளிர்க் காற்றுதான். காலையில் திறக்க மறக்க வேண்டாம், உள்ளே 35 டிகிரி தாண்டினால் அதிலும் மகரந்தம் கெடும். குடிலுக்குள் காற்று அசையாது என்பதால் மதிய வேளையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

குளிரோடு மழையும் சேர்ந்தால் பின்கருகல் நோய் வரும். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்ததும் இதே நோய்தான். இலை ஈரமாக இருப்பதுதான் அதற்கு வேண்டியது. ஆகவே செடிக்கு மேல் ஒரு கூரை, தண்ணீர் அடியில் மட்டும். உருளைக்கிழங்குப் பாத்தி பக்கத்தில் வேண்டாம்.

கத்தரியையும் மிளகாயையும் கருப்புத் தொட்டியில் வைத்துக் குடிலுக்குள் வளருங்கள். மெலிந்த நீளக் கத்தரி, சிறு மிளகாய் ரகங்கள் முந்திக் காய்க்கும். வெண்டையைத் திறந்த வெளியில் முயல வேண்டாம், உங்கள் இரவுகளில் அது தேறாது. அந்த இடத்தில் பட்டாணி போடுங்கள், அதற்குக் குளிர் பிடிக்கும்.

முதல் உறைபனிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது தக்காளியின் நுனியையும் புதுப் பூக்களையும் கிள்ளிவிடுங்கள். அவை இனிப் பழமாகப் போவதில்லை, இருக்கிற காயாவது முற்றட்டும். இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே நிலைத்துவிட்டால் செங்காய்களைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். செடியில் விட்டால் சிவப்பு ஏறாது, சுவையும் போய்விடும். பச்சைக் காயில் எது முற்றியது என்று சந்தேகமா? ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றி வழவழவென்று கூழ் கட்டி, விதை கத்தியில் வெட்டுப்படாமல் நழுவினால் முற்றிய காய். அதே அளவில், அதே போல் வெளிறிய காய்களும் பழுக்கும். விதை வெட்டுப்பட்டால் பிஞ்சு, அது எங்கே வைத்தாலும் பழுக்காது. முற்றியவற்றைப் பழுத்த ஆப்பிள் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு, 20 டிகிரியையொட்டிய அறையில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம். வெயிலும் தேவையில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து, கறை விழுந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள்.