கோடு முழுதாக இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை: வீட்டு வைஃபை கேள்வி-பதில்

“வைஃபை விட்டுவிட்டு வருகிறது” என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் சிலவற்றில் வைஃபை மேல் தப்பே இல்லை. அதனால் அப்படி ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாள் முழுக்க இணையம் அடிக்கடி நின்றுபோகிறது. ஆனால் போனில் வைஃபை கோடுகள் முழுதாகக் காட்டுகின்றன. ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது. புது ரூட்டர் வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றைத்தான்: போனுக்கும் ரூட்டருக்கும் நடுவே சிக்னல் நன்றாக இருக்கிறது. ரூட்டரிலிருந்து வெளியே போகும் லைன் செத்துக் கிடந்தாலும் கோடு குறையாது.

எந்தப் பாதியில் கோளாறு என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் கட்டளை ஜன்னல் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் கட்டளை) ஓடட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் பார்க்கலாம். இன்னொன்றில் 8.8.8.8-க்கு ஓடட்டும். இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் கணினி. இணையம் நிற்கும்போது இரண்டையும் பாருங்கள். ரூட்டர் பதில் சொல்கிறது, வெளியிலிருந்து மட்டும் பதில் இல்லை என்றால் கோளாறு லைனிலோ, ரூட்டர் அந்த லைனோடு பேசும் பக்கத்திலோ இருக்கிறது. வைஃபையை விட்டுவிடலாம். இரண்டுமே நின்றால் ஈதர்நெட் கேபிள் வழியாக அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளில் ஒழுங்காக ஓடினால் வைஃபைதான் காரணம். கேபிளிலும் நின்றால் ரூட்டரே உறைந்துபோகிறது.

உறைகிற ரூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் மூன்று விஷயம்: காற்றோட்டம் இல்லாமல் சூடாகிறதா, ஃபர்ம்வேர் (ரூட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் பாக்கி இருக்கிறதா, பவர் அடாப்டர் பலவீனமாகிவிட்டதா. கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகப்படுவதில்லை. விளக்கு எரியும், ஆனால் வேலைப்பளு ஏறும்போது மின்சாரம் போதாமல் ரூட்டர் தானாக அணைந்து எழும். மாற்றும்போது அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம்.

ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இணைய நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். பிங் நின்ற நேரங்களைக் குறித்து வைத்திருந்தால் “ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்” என்ற வழக்கமான பதிலோடு அவர்கள் தப்பிக்க முடியாது.

கேள்வி: கடைசி அறையில் சிக்னல் வரவில்லை என்று ரிப்பீட்டர் (ரூட்டரின் சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி) வாங்கி அங்கேயே மாட்டினேன். கோடு நிறைய வருகிறது, வேகம் மட்டும் இல்லை.

சிக்னல் வராத இடத்தில் மாட்டினால் ரிப்பீட்டருக்கும் அங்கே சிக்னல் வராது. உங்கள் போன் காட்டுவது ரிப்பீட்டரின் கோடு. ரூட்டரிடமிருந்து ரிப்பீட்டருக்கு என்ன கிடைக்கிறது என்பது அதில் தெரியாது. பாதி வழியில், ரூட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்டுங்கள். அப்போதும் ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் என்றால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

நான் என்றால் முதலில் ரூட்டரை நகர்த்துவேன். டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், தரையில், வீட்டின் ஒரு கோடியில் என்று எங்கெங்கோ வைத்துவிட்டு ரூட்டரைத் திட்டுகிறோம். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, கான்கிரீட் சுவர் எல்லாமே சிக்னலுக்குப் பகை. ஆன்டெனாவின் நுனியை அந்த அறையை நோக்கிக் குறி பார்த்து வைப்பவர்களும் உண்டு. குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் பரப்பும், நுனித் திசையில் மிகக் குறைவு. நேராக நிற்க வையுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கேபிள் இழுங்கள். கேட் 5இ வகை ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். அதன் முனையில் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும்) போட்டால் போதும். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு) நல்லதுதான், ஆனால் அதன் பெட்டிகளும் அதே ரேடியோவில் காற்று வழியாகவே பேசிக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும்.

கேள்வி: 5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் மட்டும் திடீரென்று காணாமல் போய், ஓரிரு நிமிடத்தில் திரும்ப வருகிறது. ரூட்டர் பழுதா?

ரேடார் காரணமாக இருக்கலாம், கிண்டல் இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எண்ணிட்ட சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அதில் 52 முதல் 144 வரையிலான சேனல்களைப் பல நாடுகளில் வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. ரேடார் துடிப்பு கேட்டதாக ரூட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. இதே 52–144 வரம்பிலுள்ள வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 1 நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பைத் தொடங்கலாம். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வையுங்கள்.

ரூட்டரின் இன்னொரு அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கதை வேறு. அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். காலியாக இருக்கிறதே என்று 3-ஐத் தேர்ந்தெடுப்பது, பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கூட்டத்துக்கு நடுவே போய் நின்று கத்துவது மாதிரி. சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் ஓடுகிறது என்பதால் சூடுபண்ணும் நேரத்தில் தொல்லை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கேள்வி: லேப்டாப்பில் மட்டும் இணைப்பு அறுகிறது. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது.

அப்படியானால் ரூட்டரைத் தொடாதீர்கள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் டிரைவரைப் புதுப்பியுங்கள். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் அறுகிறதா? அந்த இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். 5-க்கு மாறினால் போய்விடும்.

கேள்வி: வேகச் சோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. வீட்டில் யாராவது போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் வீடியோ கால் திக்குகிறது.

அப்லோடு நிரம்பி, உங்கள் பேச்சு அதன் பின்னால் வரிசையில் காத்திருக்கிறது. ஏற்றம் நடக்கும்போது 8.8.8.8-க்கு பிங் போட்டுப் பாருங்கள். 20, 30 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் பல நூறுக்குத் தாவினால் இதேதான். ரூட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் இயக்கி, உண்மையான அப்லோடு வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் கிளவுட் செயலியிலேயே அப்லோடு வேகத்துக்குக் கட்டுப்பாடு போடுங்கள்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம், கேபிளில் செருகினாலும் 94-ஐத் தாண்டவில்லை.

கேபிளில் ஒரு கம்பி அறுந்திருக்கும், அல்லது எங்காவது ஒரு முனை 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: புது ஸ்மார்ட் பல்பு வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.

இவற்றில் பெரும்பாலானவைக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சேர்க்கும் வரைக்கும் 5-ஐ அணைத்து வையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.