செமினரி நூலகத்தில் கொள்ளுத் தாத்தாவைத் தேடுவது எப்படி?

கேள்வி: மானாமதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் கொள்ளுத் தாத்தா 1880களில் அமெரிக்கன் மிஷனில் உபதேசியாராக (குருப்பட்டம் பெறாமல் கிராமச் சபைகளில் போதித்தவர்) இருந்தார், பசுமலையில் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் வைத்திருந்த வேதாகமமும் ஒரு நோட்டும் எங்களிடம் இருக்கின்றன. இணையத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. செமினரி நூலகங்களில் விவரம் இருக்கும் என்கிறார்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. உள்ளே விடுவார்களா? போனால் எதைக் கேட்பது?

பதில்: விடுவார்கள் சகோதரி. இறையியல் கல்லூரி நூலகம் முதலில் அங்கு படிக்கும் மாணவர்களுக்கானது. ஆகவே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் உரிமையை வெளியாருக்கு எளிதில் தரமாட்டார்கள். உட்கார்ந்து படிக்க, குறிப்பெடுக்க அனுமதி கேட்பவர்களை நூலகர்கள் பொதுவாக மறுப்பதில்லை. ஆனால் முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நிற்க வேண்டாம். கல்லூரி முதல்வருக்கும் நூலகருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் சபை ஆயரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி இணைத்தால் வேலை விரைவாக நடக்கும். கட்டணம் உண்டா, கைப்பேசியில் படம் எடுக்கலாமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். இவை ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு மாதிரி.

எந்த நூலகம் என்பதைத் தீர்மானிப்பது மிஷன்தான். திருநெல்வேலியில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி), நாகர்கோவிலில் லண்டன் மிஷன், தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் என்று ஒவ்வொன்றும் தன் காகிதங்களைத் தனித்தனியே வைத்தது. உங்கள் குடும்பத்துக்கு உரியது அமெரிக்க மதுரை மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய அதன் செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. மிஷனரிகள் பாஸ்டனிலிருந்த தலைமையகத்துக்கு எழுதிய மூலக் கடிதங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அது நமக்கு எட்டாத தூரம் என்று சோர்ந்துவிட வேண்டாம். அச்சான அறிக்கைகளிலேயே நிறையக் கிடைக்கும். அவற்றைத் தேட மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி நூலகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே இல்லாததற்கு, பெங்களூரில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்.

இனி, இணையத்தில் ஏன் ஒன்றும் வரவில்லை என்ற விஷயம். நீங்கள் ஆளின் பெயரைத் தேடியிருக்கிறீர்கள். ஊரைத் தேடுங்கள். என்னிடம் வருபவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தக் கால ஆண்டறிக்கைகள் மிஷனரிகளின் கையால் எழுதப்பட்டவை. குருப்பட்டம் பெற்ற இந்தியப் போதகர்களைப் பெயர் சொல்லி எழுதுவார்கள். உபதேசியார்களோ பெரும்பாலும் 'நமது உதவியாளர்', 'அந்தக் கிராமத்து உபதேசியார்' என்ற அளவில் நின்றுவிடுவார்கள். வெயிலில் ஊர் ஊராக நடந்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, நோயாளியின் அருகில் விழித்திருந்த மனிதர்கள் அட்டவணையில் ஓர் எண்ணாக முடிந்துபோனதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் போக வழி இருக்கிறது.

மதுரை மிஷன் தன் பகுதியை நிலையங்களாகப் பிரித்து வைத்திருந்தது. திண்டுக்கல், திருமங்கலம், பெரியகுளம், மேலூர், மண்டபசாலை, பழனி போல மானாமதுரையும் ஒரு நிலையம். ஆண்டறிக்கையில் நிலையவாரியாகச் செய்தி வரும். எனவே உங்கள் கொள்ளுத் தாத்தா பணியாற்றிய கிராமம் எது, அது எந்த நிலையத்தின் கீழ் இருந்தது என்பதை முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு அந்த நிலையத்தின் பகுதியை மட்டும் 1880 முதல் 1900 வரை வரிசையாகப் படியுங்கள். தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) ஒட்டிய ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் குடும்பம் சபைக்கு வந்த கதை அங்கே தொடங்கியிருக்கலாம். உபதேசியார் ஒருவர் பெயரோடு வெளிப்படும் இடங்கள் சில உண்டு: குருப்பட்டம் பெறும்போது, இறந்துபோகும்போது, கிராமத்தில் ஒரு தகராறோ கொள்ளைநோயோ வந்தபோது. அந்த ஆண்டுகளில் நிதானமாக நில்லுங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். மதுரையை அவர்கள் 'மதுரா' என்றே எழுதினார்கள். வத்தலக்குண்டு 'பட்டலகுண்டு' ஆகிவிடும். ஆட்பெயர் இன்னும் சிக்கல். ஞானமுத்து என்ற பெயர் ஆங்கிலத்தில் ஜி, என் என்ற எழுத்துகளிலும் தொடங்கலாம்; என், ஒய் என்றும் தொடங்கலாம். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஞானஸ்நானத்துக்கு முந்திய பெயர் தெரிந்தால் அதையும்.

நூலகத்தில் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். டூயி முறையில் (பொருளுக்கு ஓர் எண் தந்து அடுக்கும் முறை) அடுக்கிய நூலகமானால் மிஷன் நூல்கள் 266 என்ற எண்ணிலும், இந்தியத் திருச்சபை வரலாறு 275.4 என்ற எண்ணிலும் இருக்கும். அங்கே மிஷனரி ஜான் சாண்ட்லர் மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி எழுதிய வரலாறு கிடைத்தால் முதலில் அதைப் படியுங்கள். நிலையங்களின் கதை கையில் வந்துவிடும். (சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதிப் பணியின் முதல் பதிப்பாசிரியரும் இவரே.) அடுத்து, பழைய பருவ இதழ்கள். பசுமலையிலிருந்து வந்த 'சத்தியவர்த்தமானி' இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு தொகுப்பு முழுதாகக் கிடைப்பது அரிது. உதிரி இதழ் கிடைத்தாலும் விடாதீர்கள், ஆண்டறிக்கையில் வராத சிறு செய்திகள் இதழில்தான் வரும்.

வெளியார் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்று உண்டு: மாணவர்களின் ஆய்வேடுகள். பி.டி., எம்.டிஹெச். என்ற இறையியல் பட்டங்களுக்குப் படிக்கும் மாணவர்கள் பலர் தங்கள் சொந்தச் சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) வரலாற்றையே ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெரியவர்களை நேரில் கண்டு, சபைப் பதிவேடுகளைப் புரட்டி எழுதியவை. நடை சில சமயம் கரடுமுரடாக இருக்கும். ஆனால் மிஷனரியின் பேனா விட்டுவிட்ட உபதேசியார்களின் பெயர்ப் பட்டியல் அங்கேதான் கிடைக்கும். அச்சாகாமல், இணையத்துக்கும் வராமல் தட்டச்சுப் பிரதியாக அலமாரியில் இருப்பவை இவை. தலைப்பில் உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் பக்கத்துச் சேகரம், திருமண்டலம் (பல சேகரங்கள் சேர்ந்த பெரிய பகுதி) என்று விரித்துக் கேளுங்கள். நூலகரிடம் நேரே "ஆய்வேடுகளின் பட்டியல் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் போதும்.

பயணத்துக்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதும் இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் செமினரி நூலகம் 'தியாலஜிக்கல் காமன்ஸ்' என்ற பெயரில் பழைய நூல்களையும் இதழ்களையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. நூலின் உள்ளே இருக்கும் சொற்களையும் தேடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவிலும் அப்படியே. பாஸ்டன் தலைமையகத்தின் மாத இதழான 'மிஷனரி ஹெரால்டு' தொகுதிகளை அங்கே படிக்கலாம். இயந்திரம் பழைய அச்சை அடிக்கடி தப்பாக வாசிக்கும் என்பதால், தேடலில் வராதது இல்லை என்று முடிவு கட்டாமல் மானாமதுரைப் பகுதியைக் கண்ணால் புரட்டிப் பாருங்கள்.

பிறப்பு, திருமணம், அடக்கம் பற்றிய தேதிகள் செமினரியில் கிடைக்காது. அவை சபைப் பதிவேடுகளில் இருப்பவை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷனின் சபைகள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் வந்தன. ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டை அந்தச் சேகரத்து ஆயரிடம் கேட்க வேண்டும்.

உங்களிடமுள்ள வேதாகமத்தையும் நோட்டையும் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். செலோ டேப்பும் ஒட்ட வேண்டாம். இரண்டும் பழைய காகிதத்தைத் திரும்ப மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். நகலெடுக்கும் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தாமல், பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வேதாகமத்தின் முதல் வெற்றுத் தாள்களையும் கடைசித் தாள்களையும் மறக்க வேண்டாம். குடும்பத் தேதிகளை அங்கேதான் எழுதிவைப்பார்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தால் மிகுந்த மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். ஓர் உபதேசியார் தன் கையால் எழுதிய நோட்டு எந்த நூலகத்துக்கும் அரிய வரவு. மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியை என்பதால் கோடை விடுமுறையில் போக நினைப்பீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இறையியல் கல்லூரிகளும் விடுமுறையில் இருக்கும். ஆய்வேட்டு அலமாரியின் சாவியை வைத்திருப்பவர் ஊரில் இல்லாமல் போகலாம். காலாண்டுத் தேர்வு விடுமுறையை வைத்துக்கொண்டு, ஜூலையிலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.