கார் வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் வேலை. சம்பளம் 52,000. அம்மாவுக்கு மூட்டுவலி, ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை. கார் வாங்க நினைக்கிறேன். ஷோரூம் விலை 6,80,000, எல்லாம் சேர்த்து 8 லட்சம் ஆகும். கையில் 2 லட்சம் இருக்கிறது. மீதி 6 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 7 வருஷக் கடன், தவணை 9,650. மாதம் 600 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் 4,000. ஆக 13,650. இப்போது ஆட்டோ, டாக்சிக்கே 5,000 போகிறது. இது எனக்குத் தாங்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தவணையையும் பெட்ரோலையும் கூட்டியிருக்கிறீர்கள். கார் வாங்கும் பெரும்பாலானோர் அப்படித்தான் கூட்டுகிறார்கள். ஆனால் தவணை முழுவதும் செலவு அல்ல. அதில் ஒரு பங்கு வட்டி, அது போனது போனதுதான். மீதி அசல், அது வண்டியின் விலையாக வாசலில் நிற்கிறது. அந்த விலை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதில்தான் உங்கள் உண்மையான செலவு இருக்கிறது.

முதலில் 6,80,000க்கும் 8 லட்சத்துக்கும் நடுவில் உள்ள தொகையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி, அதாவது வாங்கும்போதே ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 13 சதவீதம். உங்களுக்கு 88,400 ரூபாய். மீதி பெரும்பாலும் இன்சூரன்ஸ். விற்கப் போகும்போது வாங்குகிறவர் இதையெல்லாம் தனியாக எண்ணித் தர மாட்டார். அப்புறம் வண்டியின் விலை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணைப்படி ஒரு வருஷம் ஆகும் முன்பே 15 சதவீதம் கழிகிறது, நாலு வருஷம் தாண்டினால் 50 சதவீதம். சந்தை விலை இதைவிடக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

7 வருஷம் கழித்து 3 லட்சத்துக்கு விற்பீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கரைந்தது 5 லட்சம், மாதத்துக்கு 5,950. கடன் வட்டி மொத்தம் 2,11,000, மாதத்துக்கு 2,510. உங்கள் 2 லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் கிடந்திருந்தால் மாதம் 1,170 வந்திருக்கும், அதுவும் போச்சு. இன்சூரன்ஸ் சராசரியாக 1,250. இதுவரை 10,880. வண்டியை நீங்கள் இன்னும் ஷெட்டை விட்டு எடுக்கவே இல்லை. நாளுக்கு 360 ரூபாய், மழை பெய்து வீட்டிலேயே இருந்தாலும்.

சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 1,500, பெட்ரோல் 4,000 சேர்த்தால் 16,380. கிலோமீட்டருக்கு 27 ரூபாய். ஓட்டம் 300 கிலோமீட்டராகக் குறைந்தால் பெட்ரோலில் 2,000 மிச்சமாகும், ஆனால் கிலோமீட்டருக்கு 48 ரூபாய் ஆகிவிடும். 'கம்மியாத்தான் ஓட்டுவோம், செலவு ஆகாது' என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி ஏழெட்டு மாதம் சும்மா நின்றது. பேட்டரி செத்தது, எலி ஒயரைக் கடித்தது. ஓட்டியிருந்தால் வந்திருக்காத செலவு.

ஆக, இப்போதைய 5,000 போக மாதம் 11,000 சொச்சம் கூடுதலாகிறது. உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதற்காக வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவுக்குப் பயந்து கோயிலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போவதையே நிறுத்திவிட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் வீண் இல்லை. புதுசு என்பதற்காகத் தரும் பணம்தான் உங்கள் நிலையில் வீண்.

நாலு வருஷம் ஓடிய வண்டியைப் பாருங்கள். 4,20,000க்குக் கிடைத்தால், கையில் உள்ள 2 லட்சம் போக 2,20,000 கடன். 12 சதவீதம் என்றாலும் நாலு வருஷத்தில் வட்டி 58,000தான். 7 வருஷம் கழித்து ஒன்றரை லட்சத்துக்கு விற்றால், விலைக் கரைசலும் வட்டியும் சேர்ந்து மாதம் 3,900. புது வண்டிக்கு இது 8,460. ரிப்பேருக்கு மாதம் 1,000 கூடுதலாக ஒதுக்கினாலும் 3,500 மிச்சம்.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், விற்பவரின் மெக்கானிக் வேண்டாம். சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு இன்சூரன்ஸிலும் பெயர் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ்; விற்பவருடையது அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பிரீமியத்தை அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள்.

சரி, இன்னொன்று. வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். முன் இருக்கையில் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்க்கட்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் மூட்டுவலிக்காரர்கள் எழுந்திருக்க ஆட்டோவைவிட அதிகம் சிரமப்படுவார்கள்.