முன்வரிசையை விடுங்கள், மிக்சர் பந்தலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

பரமக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "மாசியில் ஒரு சனி, ஞாயிறு அரியமான் பக்கம் கடற்கரையில் திறந்தவெளி இசைவிழா. நாங்கள் ஐந்து பேர் போகிறோம், ராத்திரி டென்ட்டில் தங்கல். போன முறை வேறொரு கச்சேரியில் மேடைக்கு முன்னாலேயே நின்றதில் ரெண்டு நாள் காதுக்குள் கொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டாளி ஒருத்தன் இந்த முறையும் முன்வரிசைதான் என்கிறான். எங்கே நிற்பது? என்னென்ன எடுத்துப்போவது?"

மேடைக்கு ஒலி அமைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில். உங்கள் கூட்டாளியிடம் சொல்லுங்கள், முன்வரிசையில் பாடுகிறவர் முகம் நன்றாகத் தெரியும், பாட்டு சரியாகக் கேட்காது. பெரிய மேடைகளில் தாழ்ந்த, அதிரும் ஒலி வரும் பேஸ் பாக்ஸ்களை மேடைக்கு முன்னால் தரையில் அடுக்குவோம். குரலும் மற்ற வாத்தியங்களும் வரும் பாக்ஸ்களை இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கவிட்டு, கூட்டத்தின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் பார்த்துத் திருப்பியிருப்போம். தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்பவருக்கு வயிறு அதிரும், வார்த்தை பிடிபடாது. கூட்டத்துக்கு நடுவே ஒரு சின்னப் பந்தலில், எல்லா ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்சர் கருவியோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அவர் தன் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைத்தான் வைப்பார், வேறு யாருடைய காதும் அவரிடம் இல்லை. ஆகவே அந்தப் பந்தலுக்குப் பக்கத்திலோ ஒட்டினாற்போல் பின்னாலோ நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். சத்தமும் குறையும்: திறந்தவெளியில் ஒரு பாக்ஸிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் இறங்கும் (தொங்கவிடும் நீளமான வரிசையில் இறக்கம் இதைவிடக் குறைவு, ஆனாலும் இறங்கும்).

அப்புறம் காற்று. மாசியில் நம் கரையில் இன்னும் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுதான் இருக்கும், அரியமான் பாக் விரிகுடாப் பக்கம் என்பதால் அது கடலிலிருந்து கரைக்கு வரும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். அதனால் காற்றோடு போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும், காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்களுக்கு யோகம். கடலைப் பார்த்து மேடை போட்டு மக்களைத் தண்ணீர்ப் பக்கம் உட்காரவைத்திருந்தால், கடைசி வரிசையில் பாட்டு வந்து வந்து போகும். அதற்கு மிக்சர்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, நீங்கள்தான் கொஞ்சம் முன்னால் வரவேண்டும். திருவிழா ராத்திரியில் பக்கத்து ஊர் வள்ளி திருமண நாடகத்தின் ஆர்மோனியம் நம் வீட்டுத் திண்ணை வரை கேட்பதும் இப்படி ஒலி கீழே வளைவதால்தான், ஆனால் அங்கே காரணம் காற்று இல்லை, ராத்திரியில் தரை குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக இருப்பது.

இப்போது காது. அந்த கொய்ங் சத்தத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அடிபட்டதற்கான அடையாளம் அது, செத்துப்போன செல் திரும்ப முளைக்காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லும் கணக்கு. அப்படியே ஏறிப் போனால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சிகளுக்கு வைத்த உச்ச அளவும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான், முன்வரிசையில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும், பஞ்சு உதவாது. அடைப்பானை விரலில் மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நடுநடுவே கொஞ்ச நேரம் தள்ளிப்போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். மறுநாள் ஒரு காது அடைத்தது போலவே இருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே போய்விடுங்கள்.

டென்ட்டை ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். அதன் காற்றுவாக்கில் படுத்தால் புகை முழுக்க உங்களுக்குத்தான். பனைமரத்தடி வேண்டாம், காய்ந்த மட்டை ராத்திரிக் காற்றில் விழும். மணலில் முளைக்குச்சி நிற்காது, ஆளுக்கொரு சாக்குப்பை எடுத்துப்போய் மணலை அள்ளிக் கட்டி, டென்ட் கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. விரிப்பதற்கு முன்னால் டார்ச் அடித்துத் தரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சீமைக்கருவேல முள் டென்ட் அடித்துணியையும் குத்தும், ரப்பர் செருப்பையும் குத்தி மேலே வரும். நடக்க ஷூ போடுங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை, விடிகாலையில் டென்ட் மேலிருந்து தண்ணீர் சொட்டும். ஒரு போர்வையும் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் அவசியம்.

தண்ணீர் விஷயத்தில் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் நல்ல தண்ணீர் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். வண்டியில் 20 லிட்டர் கேன் ஒன்று ஏற்றிக்கொள்ளுங்கள். பகல் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பும் குளிராது, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைசுற்றும். ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருங்கள். யாராவது வியர்வை நின்று உளற ஆரம்பித்தால் அது மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் போட்டு, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108க்கு அடியுங்கள்.

அந்தப் பக்கம் பெண் கடல், அலையே இருக்காது என்பார்கள். பகலில் சரி. ராத்திரி, அதுவும் சரக்கு உள்ளே போயிருக்கிறவர்கள், கணுக்காலுக்கு மேல் நனைய வேண்டாம். மறுநாள் தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை போவதாக இருந்தால் அங்கே இறங்கவே கூடாது, ஆண் கடலும் (மன்னார் வளைகுடா) பெண் கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். போனில் ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள், இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் சேர்ந்தால் விழா இடத்திலும் போன் வேலை செய்யாது. "மேடைகிட்ட வா" என்பதெல்லாம் ஒரு அடையாளமா? மணிக்கு ஒரு தடவை மிக்சர் பந்தலின் இடது மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது நகராது, ராத்திரியிலும் வெளிச்சம் இருக்கும். முன்வரிசைக் கூட்டாளி போய்த்தான் தீருவேன் என்றால் ரெண்டு பாட்டுக்கு விடுங்கள், அடைப்பானைக் காதில் வைத்துவிட்டு.

ஞாயிறு நிகழ்ச்சி முடிந்த கையோடு வண்டி எடுக்காதீர்கள். ரெண்டு ராத்திரி தூங்காதவர் பரமக்குடி வரை ஓட்டுவது சரிவராது. ஒருத்தரை மட்டும் சனி ராத்திரி சீக்கிரம் படுக்கவைத்து அவரிடம் சாவியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் திங்கள் காலையில் கிளம்புங்கள்.