வாசகர் கேள்வி பதில்: பிரான்சுக்குப் படிக்கப் போன பிள்ளைகள்

கேள்வி: செப்டம்பரில் லியோனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறேன். அம்மாவின் நகையை அடைவு வைத்துத்தான் செலவு பார்க்கிறோம். பகுதிநேர வேலை செய்து முதல் மாதமே காசு அனுப்பலாமா? தயிர், கருவாடு கொண்டுபோக விடுவார்களா?
(வாசகி, காரைதீவு)

பதில்: தங்கச்சி, முதலில் காசு. மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணித்தியாலம் வேலை செய்யலாம், மாதத்துக்கு ஏறக்குறைய 80 வரும். ஆனால் போய் இறங்கின உடனே வேலை கிடைக்காது. விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், வாடகைக்கு முற்பணம் கட்ட வேண்டும், இதற்கெல்லாம் மேலே பிரெஞ்சு வாயில் வராவிட்டால் கடைக்காரர்கூட எடுக்கத் தயங்குவார். நான் பிரான்சின் கிரெனோபிளுக்குப் படிக்கப் போனது செப்டம்பரில், முதல் வேலை கிடைத்தது பெப்ரவரியில். விசாவுக்கு மாதம் 615 யூரோ இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள் அல்லவா, அந்தக் காசு உண்மையாகவே செலவாகும். காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்து யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். முதல் வருடம் எதுவும் அனுப்ப முடியாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், நகை வட்டியை யார் கட்டுவது என்பதையும் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

தயிர், நெய், இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய்க்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்குத் தடையில்லை, மீன் வகை 20 கிலோ வரை கொண்டுபோகலாம், அதனால் கருவாட்டுக்குப் பயமில்லை. ஆனால் விடுதி அறை பெரும்பாலும் 9 சதுர மீற்றர்தான், எங்களுக்கு ஒரு மாடிக்கே ஒரு குசினி, அங்கே கருவாடு பொரித்தால் மணம் இரண்டு நாளைக்குப் போகாது. கூனியை வீட்டிலேயே வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்துப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோங்கள். பாணோடும் சாப்பிடலாம்.

கேள்வி: மகன் துலூஸில் படிக்கிறான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கோல் எடுத்து "என்ன மனே, சாப்பிட்டியா" என்றால் "ஓம்" என்று வைத்துவிடுகிறான். சோதனையில் 20க்கு 11 எடுத்தானாம். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளை. கெட்டுப்போகிறானோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், ஆரையம்பதி)

பதில்: அக்கா, 11 என்பது பாஸ். அங்கே 10 எடுத்தால் போதும், 12 எடுத்தால் ஓரளவு நல்லது என்றும் 14 எடுத்தால் நல்லது என்றும் நினைக்கிற நாடு அது, 18 போட்ட விரிவுரையாளரை நான் கண்டதே இல்லை. என் முதல் தாளில் 9 வந்தபோது வீட்டுக்குச் சொல்லாமல் மூன்று கிழமை மறைத்தேன், அந்த மூன்று கிழமையும் அம்மாவோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை. உங்கள் மகன் 11ஐ மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அதற்காக அவனைத் திட்டாதீர்கள், அக்கா. திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டான்.

"ஓம்" என்று வைப்பதற்கு நேரமும் ஒரு காரணம். ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை நமக்கும் பிரான்சுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் எட்டு மணிக்கு எடுக்கும்போது அங்கே பின்னேரம் மூன்றரை, வகுப்பறை வாசலில் நின்றுதான் பேசுவான். அவன் அறைக்கு வந்து ஆறுதலாக இருக்கும்போது ஆரையம்பதியில் நடுச்சாமம் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எடுங்கள், அங்கே பகல் பன்னிரண்டரை. நான் இருந்த ஊரில் ஞாயிறு கடைகள் பூட்டு, 3.30 யூரோவுக்குச் சாப்பிட்ட மாணவர் உணவகமும் பூட்டு, மாடி முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. கிழமையில் அழுகை வருகிற நாள் என்றால் அதுதான். வீடியோவில் எடுங்கள். மார்க்ஸ் பற்றிக் கேட்காமல், இன்றைக்கு என்ன ஆணம் மனே, சட்டியைக் காட்டு பார்ப்போம் என்று கேளுங்கள்.