முன் பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லையா? கேலிபரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் பைக் இருபது வருடப் பழசு. காலையில் எடுக்கும்போது நன்றாக ஓடுகிறது. கால் மணி நேரம் ஓட்டியதும் முன் டிஸ்க் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, வண்டியைத் தள்ளக்கூட முடியவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. மெக்கானிக் கேலிபரை செட்டாக மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேலிபர் என்பது சக்கரத்துப் பக்கம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம். சூடானால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது என்று நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக் ஆயில் சூட்டில் விரியும். விரிந்த ஆயில் மேலே ஆயில் டப்பாவுக்குத் திரும்ப மாஸ்டர் சிலிண்டருக்குள் (லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அது அடைபட்டால் ஆயிலுக்குப் போக இடமில்லை, டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடைத்தான் அழுத்தும். பேடு உரசி இன்னும் சூடாகும், இன்னும் அழுத்தும். இந்தத் துளை இருப்பது கைப்பிடிப் பக்கம். மெக்கானிக் கை வைப்பது சக்கரத்துப் பக்கம்!

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேலிபரில் உள்ள நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) ஒரு சின்ன டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளை அரைச் சுற்று திறந்து உடனே மூடுங்கள். (டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், கை பொசுங்கும். பெயிண்ட்டில் ஆயில் பட்டால் உரிந்துவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.) ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் கேலிபர் மேல் பழி இல்லை, கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது உள்ளே ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாத பழைய ஹோஸில் (இரண்டையும் இணைக்கும் ஆயில் குழாய்). திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால்தான் கேலிபர்.

நிப்பிளுக்குப் போவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, யாரும் பார்ப்பதில்லை. வண்டி எப்போதாவது விழுந்து லிவர் மாற்றினீர்களா? டூப்ளிகேட் லிவரில் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு ஒரு மயிரிழை நீளமாக இருந்தால் போதும், பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராமல் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். துளையில் அழுக்கே இருக்காது, மாஸ்டர் சிலிண்டரும் புத்தம் புதிதாக இருக்கும், ஆனாலும் பிடிக்கும். லிவர் நுனியை விரலால் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பிரேக் பிடித்திருக்கும் நேரத்தில் லிவர் போல்ட்டைக் கழற்றி லிவரை உருவுங்கள். சக்கரம் அப்போதே விட்டால் லிவர்தான் திருடன். லிவரைத் திட்டமாக வார்க்கத் துப்பில்லாதவர்களெல்லாம் பிரேக் சாமான் விற்கிறார்கள், கேட்பாரில்லை.

லிவரில் குறையில்லை என்றால் டப்பாவைத் திறந்து, மெல்லிய ஒற்றைக் கம்பி இழையால் அந்தத் துளையைக் குத்திவிடுங்கள். டிரில் பிட்டெல்லாம் விடக்கூடாது. ஹோஸ் பழசென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கேலிபர்தான் என்று தெரிந்தாலும் செட்டாக வாங்க அவசரப்படாதீர்கள். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே லிவரை அழுத்தி கேலிபர் பிஸ்டனை வெளியே தள்ளுங்கள். காற்று அடித்துத் தள்ளினால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், விரல் போகும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீலை எடுத்துவிட்டு அது உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். பிஸ்டனை இறுக்குவது பெரும்பாலும் அந்தப் பொருக்குதான். சுரண்டி எடுத்து, புது சீல் போட்டு, புது பிரேக் ஆயில் தடவி மாட்டினால் வேலை முடிந்தது. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் பிஸ்டனை மட்டும் மாற்றுங்கள். சீல் கிட் கேட்டால் "தனியாக வராது, செட்தான்" என்பார்கள். பல மாடலுக்கு வரும். தேடித் தருவதில் கடைக்காரருக்கு லாபமில்லை, செட் மாட்டினால் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு, அவ்வளவுதான். பழைய வண்டிக்குச் சாமானை நிறுத்திவிட்டு புது வண்டி வாங்கச் சொல்லும் கம்பெனிகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் உங்கள் பிரேக் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று, பெட்ரோலில் கழுவ விடாதீர்கள். சாதாரண கிரீஸும் ஆகாது. இரண்டும் ரப்பரை ஊதவைக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி இதே கதை. கேலிபர் நகரும் பின்களுக்கு சிலிகான் கிரீஸ். ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்ணை, அதாவது ஆயிலின் ரகத்தைப் பார்த்து அதையே ஊற்றுங்கள். டாட் 4-ஐவிட டாட் 5 உசத்தி என்று கடையில் தள்ளிவிடுவார்கள். டாட் 5 சிலிகான் ஆயில், டாட் 4-உடன் சேரவே சேராது.

சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஓட ஓட ஆயில் கொதித்தால், அதுவரை விடாமல் பிடித்த பிரேக் திடீரென்று பிடிக்காமலே போகும். வேலை முடிந்து, ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) முடித்த பிறகும், ஏறி உட்காரும் முன் லிவரைப் பத்துத் தடவை அழுத்திக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருப்பதால் முதல் அழுத்தலுக்கு லிவர் கைப்பிடிவரை போகும்.