சி.ஆர்.பி. 48 என்றால் அம்மாவுக்கு ஆபத்தா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். போன மாதம் ராத்திரியில் திடீரென்று மூச்சு முட்டி, படுக்கவே முடியவில்லை. கோவைக்குக் கொண்டுபோனோம். இதயச் செயலிழப்பு என்று ஆறு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. 48 என்று இருக்கிறது. இது கூடினால் ரொம்ப நாள் தாங்காது என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. முட்டிவலிக்குப் போடும் டைக்லோஃபினாக் இதையும் குறைக்குமா?

பதில்: முதலில் அந்த டைக்லோஃபினாக்கை இன்றே நிறுத்துங்கள். வீக்கம் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் சொல்வதால் வருகிற குழப்பம் இது. அம்மாவின் காலில் வீக்கமாகத் தெரிவது தேங்கிய நீர், சி.ஆர்.பி. காட்டுவது அழற்சி, அதாவது கிருமிக்கோ காயத்துக்கோ உடம்பு கொடுக்கிற பதிலடி. இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைத்து, மறுபடி மூச்சுமுட்டலில் கொண்டுபோய் விட்டுவிடும். முட்டிக்குத் தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டு பாராசிட்டமால் போதும்.

சரி, 48க்கு வருவோம். சி.ஆர்.பி. என்பது அழற்சி வந்தால் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கும் ஒரு ரத்தப் புரதம், பெரும்பாலான லேபுகளில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் சாதாரணம். இதயம் திணறும்போது குடல் சுவரிலும் நீர் கோத்து, அங்குள்ள கிருமிகளின் நச்சு ரத்தத்தில் கசிகிறது, உடம்பு அதற்குப் பதிலடி கொடுக்கிறது. நெஞ்சுச்சளி நிமோனியாவாக மாறினாலும் ஏறும், நம் மலைக் குளிரில் பலருக்கு இதயம் திணற ஆரம்பிப்பதே அப்படித்தான். இந்த எண் அதிகமாக இருப்பவர்களில் பாதிப்பு கூடுதல் என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது, உங்கள் அம்மாவுக்கு நாள் குறிக்கிற எண் இல்லை. அதுவும் சேர்ந்த அன்று எடுத்தது. காரணம் அடங்கிவிட்டால் சி.ஆர்.பி. சுமார் 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய தாளில் நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 9 சதவீதம் என்றும் இருக்கிறது, இரண்டும் ரத்த வெள்ளையணு வகைகள். முதலாவது இரண்டாவதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல், அதுவும் அழற்சியின் அடையாளம்தான், ஆனால் மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலே அப்படித் தூக்கிக் காட்டும். எனக்கு நிம்மதி தருவது கீழே இருக்கிற வரி. இதயம் எவ்வளவு திணறுகிறது என்று ரத்தத்தில் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. சேர்ந்த அன்று 6,200, வீட்டுக்கு வரும்போது 3,100. 30 சதவீதம் இறங்கினாலே நல்ல அறிகுறி என்போம், இது பாதியாகியிருக்கிறது.

அழற்சியை மட்டும் அடக்கினால் இதயம் தேறுமா என்று எட்டனெர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை, இன்ஃப்ளிக்ஸிமாப் அதிக அளவில் கெடுதலே செய்தது. அதனால் சி.ஆர்.பி.யைத் துரத்த வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த இதய மாத்திரைகளும் நீர் மாத்திரையும் ஒரு வேளைகூட விடக்கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். தினமும் கொழுந்து எடை போட்டவருக்கு இது பழக்கமான வேலைதான். காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன்னால், ஏறி நின்று நோட்டில் எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு முட்டாமல் படுக்கத் தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், மலையிறங்க நேரமாகும்.